சுருளுக்குள் ஒரு சாலை

ஓடும் வண்டிக்குள் காகித வரைபடத்தை எப்படி வைத்துப் பார்ப்பது? இன்று இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. ஆனால் மோட்டார் வண்டி பரவத் தொடங்கிய காலத்தில் கண்டுபிடிப்பாளர் பலரை இந்தக் கேள்வி உறங்கவிடவில்லை. வரைபடம் பெரியது, முழுதாக விரித்தால் முன்கண்ணாடியை மறைக்கும். மடித்தால் வேண்டிய ஊர் மடிப்பின் மறுபக்கம் போய்விடும். காற்று அடிக்கும், இருட்டும், ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும். இந்தச் சிறு தொல்லையைத் தீர்க்க எத்தனை பேர் எத்தனை விதமாக முயன்றார்கள் என்று தேடத் தொடங்கிய நான், என் முனைவர்பட்ட ஆய்வின் நடுப்பகுதியில் போய் நின்றேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் கருவிகள். 1909 வாக்கில் அமெரிக்காவில் ஜோன்ஸ் லைவ்-மேப் என்ற கருவி வந்தது. வட்டவடிவக் காகிதத் தட்டு ஒன்றைக் கண்ணாடி மூடிக்குக் கீழே பொருத்த வேண்டும். வண்டியின் சக்கரத்திலிருந்து வரும் கம்பி அந்தத் தட்டைச் சுழற்றும். வண்டி நகர நகரத் தட்டும் நகர்ந்து, இப்போது எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று காட்டும். ஒரு தட்டு ஏறத்தாழ நூறு மைல் தொலைவுக்குப் போதும்; அது முடிந்ததும் அடுத்த தட்டை மாட்ட வேண்டும். 1920களில் இங்கிலாந்தில் பிளஸ் ஃபோர்ஸ் ரூட்ஃபைண்டர் வந்தது. கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவி இது. உள்ளே இரண்டு சிறு உருளைகள். அவற்றில் விரலகலத்துக்கும் குறைவான காகிதச் சுருள். திருகைக் கையால் திருப்பித் திருப்பிச் சாலையை ஓடவிட வேண்டும். 1930களில் இத்தாலியின் இட்டர் ஆவ்டோ அதே சுருளை டாஷ்போர்டில் ஏற்றி, வேகமானியின் கம்பியோடு இணைத்தது. வண்டி விரைந்தால் சுருளும் விரையும். வண்டி நின்றால் சுருளும் நிற்கும்.

இவை எவையும் பெரிதாக விற்றதாகத் தெரியவில்லை. ஆனால் மூன்றிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இவற்றுள் ஒன்றுகூட வரைபடத்தை வரைபடமாக வைத்துக்கொள்ளவில்லை. நாட்டின் பரப்பை விட்டுவிட்டு, ஒரே ஒரு சாலையை மட்டும் உருவி எடுத்து, அதை நாடாவாகவோ வட்டமாகவோ ஆக்கிக்கொண்டன. வண்டிக்குள் இடம் போதாமை இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் இடம் தாராளமாக இருந்த காலத்திலும் பயணிகள் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஜான் ஓகில்பி 1675இல் வெளியிட்ட ‘பிரிட்டானியா’ நூலில் இங்கிலாந்து, வேல்ஸ் சாலைகள் 100 தகடுகளில் நாடா நாடாவாக வரையப்பட்டுள்ளன. அந்த நாடாக்கள் தாளில் சுருண்டு விரியும் சுருள்களைப் போலவே தீட்டப்பட்டவை. ஒவ்வொரு நாடாவிலும் தனித்தனியாக ஒரு திசைகாட்டிப் படம் உண்டு. ஏனெனில் சாலை எப்போதும் மேல்நோக்கியே செல்லும், வடக்குத்தான் நாடாவுக்கு நாடா இடம் மாறும். இன்னும் பின்னே சென்றால், வியன்னாவில் உள்ள ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் பொய்ட்டிங்கர் அட்டவணை. ரோமானியர் காலத்துச் சாலைப்படம் ஒன்றின் இடைக்காலப் படி அது. ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். உயரமோ ஒரு முழத்துக்கும் குறைவு. மத்தியதரைக்கடலே அதில் ஓடைபோல நசுங்கிக் கிடக்கிறது. அந்தச் சுருளின் கீழைக் கோடியில் நம் முசிறி இருக்கிறது. அருகே அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்பும் உண்டு. சங்கப் பாடல்கள் வழியே நாம் அறிந்த அந்தத் துறைமுகம், ரோமானியச் சாலைச் சுருளின் ஒரு நிறுத்தமாகப் பதிவாகியிருப்பதை முதன்முறை படத்தில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இனி என் ஆய்வுக்கு வருகிறேன். மொழியியலில் முதுகலை முடித்து ஐதராபாத்தில் ஆய்வு செய்கிறேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கங்களிலிருந்து வடக்கே லாரி ஓட்டிச் செல்லும் தமிழ் ஓட்டுநர்கள் தங்கள் வழித்தடத்தை எவ்வாறு சொல்லிக்காட்டுகிறார்கள் என்பதே என் பொருள். ஐதராபாத்தின் புறநகரிலும் நாக்பூரிலும் லாரிகள் நிற்குமிடங்களில் அமர்ந்து, “நாமக்கல்லில் கிளம்பி இங்கே வந்து சேரும் வரைக்கும் வழி சொல்லுங்கள்” என்று கேட்டு ஒலிப்பதிவு செய்கிறேன்.

இத்தகைய ஆய்வுக்கு ஒரு மூத்த முன்னோடி உண்டு. ஷார்லட் லிண்டேயும் வில்லியம் லபோவும் 1975இல் வெளியிட்ட கட்டுரை அது. நியூயார்க் நகரவாசிகளிடம் தங்கள் குடியிருப்பின் அமைப்பைச் சொல்லச் சொன்னார்கள். மிகச் சிலரே மேலிருந்து பார்ப்பதுபோல, “சமையலறைக்கு அடுத்துப் படுக்கையறை உள்ளது” என்று படமாகச் சொன்னார்கள். மற்றவர் எல்லோரும் கதவைத் திறந்து உள்ளே நடந்தார்கள்: நுழைந்ததும் கூடம், இடப்புறம் திரும்பினால் சமையலறை என்ற வகையில். படம், உலா என்று இவ்விரண்டையும் வேறுபடுத்துவது அதன்பின் வழக்கமாயிற்று. நம் இலக்கிய மரபில் இதற்கு அயலான எதுவும் இல்லை. ஆற்றுப்படை என்ற வகையே உலாவாகச் சொல்லும் வழிதான். மலைபடுகடாம் நன்னனின் நாட்டைப் படமாக விரிப்பதில்லை. கூத்தர் எந்த இடத்தில் எதை உண்பர், எங்கே எதற்கு அஞ்ச வேண்டும் என்று அவர்களை நடத்திச் செல்கிறது.

என் ஓட்டுநர்களும் உலாவாகத்தான் சொல்கிறார்கள். அதை எதிர்பார்த்திருந்தேன். நான் எதிர்பாராதது அவர்கள் பயன்படுத்திய வினைச்சொல். “சேலம் தாண்டினா தொப்பூர் வரும். அப்புறம் தர்மபுரி வரும், கிருஷ்ணகிரி வரும். கர்நூல்ல துங்கபத்ரா வரும். பீச்சுபள்ளியில கிருஷ்ணா வரும்.” ஓட்டுநர் போவதில்லை, ஊர்கள் வருகின்றன. தமிழர் எல்லோரும் அன்றாடம் பேசுவதுதான் இது, பேருந்தில் நடத்துநரிடம் “அடுத்து என்ன ஸ்டாப் வரும்?” என்கிறோம். ஆனால் நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை, நாலு மாநிலங்களைக் கடந்து, ஒவ்வொரு ஊரும் மலையும் ஆறும் தாமே எழுந்து வந்து ஓட்டுநரைச் சந்தித்துவிட்டுப் போவதை மணிக்கணக்கில் கேட்டால், அது வெறும் வழக்காகத் தோன்றாது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல்லலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பிரிக்கிறது. அதாவது, ‘வா’ என்ற வினைக்குள் பேசுவோன் நிற்குமிடம் பொதிந்து கிடக்கிறது. “தர்மபுரி வரும்” என்னும்போது ஓட்டுநர் தம்மை ஓர் அசையாப் புள்ளியாக நாட்டிக்கொண்டு, நிலத்தைத் தம்மை நோக்கி இழுக்கிறார்.

சுருள் செய்வதும் அதைத்தானே? கண்ணாடிச் சாளரம் அசையாது; சாலை அசையும். இந்த எண்ணம் எனக்கு நூலகத்தில் தோன்றவில்லை. நாமக்கல் அருகே, ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரின் வீட்டில், அவர் பரணிலிருந்து இறக்கிக் காட்டிய ஒரு பெட்டியின் முன்னால் தோன்றியது.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைத் தச்சரிடம் சொல்லிச் செய்வித்த மரப்பெட்டி. பள்ளி நோட்டுப் புத்தகத்தின் அகலம், அதைவிடச் சற்றே கூடுதலான உயரம். முன்பக்கம் கண்ணாடி; மேலும் கீழும் இரண்டு உருளைகள்; பக்கவாட்டில் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய இரண்டு திருகுகள். உள்ளே ஒரு சிறு பல்பு. வண்டியின் பேட்டரியிலிருந்து அதற்கு ஒயர். சுருள் என்பது கணக்கு நோட்டுத் தாள்களை மைதாப் பசையால் நீளமாக ஒட்டி, பின்புறம் காடாத் துணி வைத்தது. அப்படி ஏழு சுருள்கள் வைத்திருந்தாராம், மூன்று மிஞ்சியிருக்கின்றன. நான் பார்த்தது நாக்பூர்ச் சுருள். அதன் தலைப்பில் பெரிதாக ‘7’ என்று எழுதியிருந்தது. இன்றைய 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இந்தப் பகுதி, 2010இல் எண்கள் மாற்றப்படும் வரை ஏழாம் எண் நெடுஞ்சாலையாக இருந்தது.

ஜோன்ஸையோ இத்தாலியக் கருவியையோ அவர் கேள்விப்பட்டதில்லை. எங்கே பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டேன். “டூரிங் டாக்கீஸ்ல பிலிம் ஓட்டறதைப் பார்த்திருக்கேனுங்க அம்மிணி. அதே மாதிரி ரோட்டை ஓட்டிப் பாக்கலாம்னு தோணுச்சு” என்றார்.

அந்தச் சுருளில் மொழியியல் மாணவி ஒருத்தி வியந்து நிற்க வேண்டிய செய்திகள் மூன்று இருந்தன.

முதலாவது, அளவு. ஓகில்பி ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று கறாராக வரைந்தார். நம் ஓட்டுநரின் சுருளில் அளவுகோல் தொலைவைச் சார்ந்ததில்லை. தொப்பூர்க் கணவாய் ஒரு முழத்துக்கு விரிந்து கிடக்கிறது. எந்த வளைவில் கியரை இறக்க வேண்டும், எங்கே பிரேக் சூடேறும், எங்கே ஒதுங்கி நிற்க இடமுண்டு என்பதெல்லாம் குறிக்கப்பட்டிருக்கிறது. நிர்மல் பக்கத்து மலைப்பாதைக்கும் அப்படியே தாராளமான இடம். அனந்தப்பூரின் வறண்ட சமவெளியோ நாலு விரலுக்குள் முடிந்துவிடுகிறது. கவனம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காகிதம். என் ஒலிப்பதிவுகளைத் திரும்பக் கேட்டபோது, அவற்றிலும் இதே பங்கீடு இருந்தது: தொப்பூரைப் பற்றி நாலு நிமிடம் பேசுபவர் அனந்தப்பூரை ஒரு மூச்சில் தாண்டிவிடுகிறார்.

இரண்டாவது, குறிகள். தேநீர்க் கடைகள் சிலவற்றின் அருகே சிவப்பு மையில் ஒரு சிறு வட்டம். தமிழ் பேசும் ஆள் இருக்கும் கடை என்பது அதன் பொருள். சாலை அடைபட்டாலோ வண்டி பழுதானாலோ எங்கே போய்க் கேட்பது என்பதற்கான குறி அது. நாடா வரைபடத்தின் பெருங்குறை, சாலையை விட்டு விலகினால் அது ஊமையாகிவிடும் என்பது. இட்டர் ஆவ்டோவை வைத்திருந்தவர் தவறான திருப்பத்தில் நுழைந்துவிட்டால் சுருள் அவருக்கு எதையும் சொல்லாது. நாமக்கல் பெட்டி அந்தக் குறையை இன்னொரு படத்தால் நிரப்பவில்லை. வாய்விட்டு விசாரிக்கும் இடங்களால் நிரப்பியது. மாநில எல்லைகளில் சோதனைச்சாவடிகள் கட்டம் போட்டுக் காட்டப்பட்டிருந்தன. சரக்கு, சேவை வரி வந்த 2017க்குப் பிறகு எல்லைகளின் வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் இளம் ஓட்டுநர்களின் பேச்சில்கூட “பழைய செக்போஸ்ட் வரும்” என்ற தொடர் இன்னும் வாழ்கிறது. கட்டடம் போனபின்பும் இடப்பெயர் நிற்கிறது.

மூன்றாவதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாதது. சுருளின் நடுவே சாலைக்கோடு. அதன் இரு ஓரங்களிலும் ஊர்ப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் ஓரத்தில் நேராக. மறு ஓரத்தில் அதே பெயர்கள் தலைகீழாக. நாக்பூர் போய்ச் சேரும்போது சுருள் முழுவதும் ஓர் உருளையில் ஏறியிருக்கும். சரக்கை இறக்கிவிட்டு, பெட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டுவாராம். இப்போது தலைகீழாக இருந்த பெயர்கள் நேராகிவிடும். சுருள் மறுபடி விரியத் தொடங்கும். ஊர்கள் எதிர்வரிசையில் வரும். அதே சாலை, அதே காகிதம், திரும்பும் பயணம்.

சுருள் முழுவதையும் பார்த்தேன்: ‘இடது’, ‘வலது’ என்ற சொற்கள் ஓரிடத்திலும் இல்லை. பெட்ரோல் பங்க் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கோட்டை ஒட்டி ஒரு புள்ளி. மரமென்றால் மரம், கோயிலென்றால் கோபுரம். ஏன் என்று கேட்டேன். “லெப்ட்டு, ரைட்டுன்னு எழுதி வெச்சா, திரும்பி வர்றப்ப அது பொய்யாப் போயிருமுங்க. படமா போட்டு வெச்சா எப்படித் திருப்பினாலும் மெய்தான்” என்றார்.

இட நோக்கு பற்றிய ஆய்வுகளில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான். இடம், வலம் என்பவை பார்ப்பவரின் உடலைச் சார்ந்தவை. உடல் திரும்பினால் உண்மை மாறும். கிழக்கு, மேற்கு என்பவை நிலத்தைச் சார்ந்தவை. யார் திரும்பினாலும் மாறாதவை. எரிக் பெடர்சன் 1993இல் வெளியிட்ட கட்டுரையில், தமிழர்களிடையே இவ்விரு வழக்கங்களும் உண்டென்றும், மேசைமேல் இருக்கும் சிறு பொருளைக்கூடத் திசைப்பெயரால் குறிப்பவர்களும் அப்படிச் செய்யாதவர்களும் ஒரே மொழிக்குள் இருக்கிறார்கள் என்றும் காட்டினார். நம் ஓட்டுநர் இந்த இரண்டையும் விட்டு மூன்றாவதொன்றைத் தேர்ந்தார். சாலையையே அச்சாக்கிக்கொண்டு, சொல்லால் சொன்னால் பொய்யாகிவிடுவதைச் சொல்லாமல் வரைந்தார். எந்தச் செய்தி சொல்லில் தங்கும், எது தங்காது என்ற எல்லைக்கோடு அந்தப் பெட்டிக்குள் தெளிவாக இருக்கிறது.

பெட்டியைப் பார்ப்பது ஓட்டுநரின் வேலையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருகைத் திருப்புவதும் உரக்கப் படிப்பதும் கிளீனரின் வேலை. கார்ப் பந்தயங்களில் துணை ஓட்டுநர் வழிக்குறிப்பைப் படித்துச் சொல்வாரே, அதுபோல. மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் கைப்பிடிமேல் பொருத்தப்படும் வழிக்குறிப்புப் பெட்டியிலும் இதே இரண்டு உருளைகளும் காகிதச் சுருளும்தான். மின்திரைகள் வரும்வரை தக்கார் பந்தயத்தில் வீரர்கள் பாலைவனத்தைக் கடந்தது அதை வைத்துத்தான். ஆனால் நாமக்கல் பெட்டிக்கு இன்னொரு பயன் இருந்தது. நாலைந்து முறை சுருளைப் படித்துச் சொன்ன கிளீனருக்கு வழி மனப்பாடமாகிவிடும். பிறகு அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். அது ஒரு பாடப்புத்தகமாகவும் இருந்திருக்கிறது.

இப்போதைய கைப்பேசி வழிகாட்டியை இதற்கு எதிரியாக நிறுத்தப் பலருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரலாறும் அப்படிச் சொல்லவில்லை. 1981இல் ஹோண்டா நிறுவனம் கொண்டுவந்த எலக்ட்ரோ கைரோகேட்டரில், ஒளிபுகும் தாளில் அச்சிட்ட வரைபடங்களைச் சிறு திரைக்கு முன்னே செருகி மாற்றிக்கொள்ள வேண்டும். மின்னணுக் கருவி என்றாலும் அதுவும் ஒரு வரைபடத் தாங்கிதான். 1985இல் கலிபோர்னியாவில் வந்த ஈடாக் நேவிகேட்டர் வரைபடத்தைக் கேசட்டிலிருந்து எடுத்துத் திரையில் காட்டியது. அதில் வண்டியைக் குறிக்கும் முக்கோணம் அசையாமல் நிற்கும். வரைபடம்தான் அதைச் சுற்றி நகரும், திரும்பும். ‘ஈடாக்’ என்ற பெயர் பசிபிக் பெருங்கடலின் கரோலின் தீவுகளைச் சேர்ந்த கடலோடிகளுடையது. அவர்கள் தம் படகு அசையாமல் நிற்பதாகவும், தீவுகள் விண்மீன்களின் கீழே நகர்ந்து செல்வதாகவும் கொண்டு கணக்கிடுவார்கள். “தர்மபுரி வரும்” என்பவருக்கு இது புரியாத தத்துவமா? இன்றைய கைப்பேசித் திரையும் ஈடாக்கின் வழித்தோன்றலே. நாம் போகும் திசை மேலே இருக்கும்படி அது நிலத்தைத் திருப்பித் தருகிறது. வடக்கை மேலே வைத்துத் தாளில் விரிந்த வரைபடம்தான், பயணியைப் பொறுத்தவரை, இடையில் வந்த விலக்கு.

அப்படியானால் என்ன மாறியிருக்கிறது? என் பதிவுகளில் இளம் ஓட்டுநர்களின் வழிச்சொல்லலிலும் ஊர்கள் வரத்தான் செய்கின்றன. டோல்கேட்டுகள் வருகின்றன, மேம்பாலங்கள் வருகின்றன. அவர்கள் வழி அறியாதவர்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் இரண்டு வேறுபாடுகள் கேட்கின்றன. “அது எங்க திரும்பச் சொல்லுதோ அங்க திரும்புவேன்” என்ற வாக்கியம் புதிது. வழியைச் சொல்பவர் என்ற இடத்தில் இன்னொரு எழுவாய் வந்து அமர்ந்திருக்கிறது. மற்றது, திரும்பும் வழியைச் சொல்லச் சொன்னால், மூத்தவர்கள் சுருளைத் திருப்பி மாட்டுவதுபோல எதிர்வரிசையில் சரளமாகச் சொல்கிறார்கள். இளையவர்களில் பலர் அதை வேறொரு பயணமாகப் புதிதாகத் தொடங்குகிறார்கள். கைப்பேசிக்குத் திரும்பும் வழி என்று ஒன்று இல்லை. ஒவ்வொன்றும் புதிய தேடல். இந்த இரண்டுக்கும் காரணத் தொடர்பு உண்டென்று உறுதியாகச் சொல்ல என் தரவு இன்னும் போதாது. கேட்க வேண்டிய கேள்வி என்பதில் மட்டும் ஐயமில்லை.

இதில் எனக்கொரு நெருக்கடியும் இருக்கிறது. பதிவு செய்த வழிச்சொல்லல்கள் அனைத்தையும் புவியியல் ஆயங்களாக மாற்றி, செயற்கைக்கோள் வரைபடத்தின் மேல் புள்ளிகளாகப் பொருத்திக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்பது எனக்கு வந்துள்ள அறிவுரை. ஒப்பீட்டுக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அப்படி மாற்றினால் தொப்பூர் அதன் உண்மைத் தொலைவுக்குச் சுருங்கிவிடும், அனந்தப்பூர் விரிந்துவிடும். சிவப்பு வட்டக் கடைகள் வெறும் கடைகளாகிவிடும். ஊர்கள் வருவது நின்று, இருக்கத் தொடங்கிவிடும். உலாவைப் படமாக்கிய பிறகு அதிலிருந்து உலாவை மீட்க முடியாது. அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் நான் முன்வைக்கப்போவது இதுதான்: ஒவ்வொரு வழிச்சொல்லலையும் ஆயங்களோடு சேர்த்துச் சுருளாகவும் வரைந்து காப்பகத்தில் வைக்க வேண்டும், பேசிய நேரத்தின் நீளமே சுருளின் அளவுகோலாக இருக்க வேண்டும். இதற்குக் கூடுதலாக ஆறு மாதமாவது தேவைப்படும்; என் உதவித்தொகையோ அதற்கு முன்பே முடிகிறது. ஏற்கப்படுமா என்று தெரியாது. ஆயினும் இதை விட்டுவிட்டு முடிக்கும் ஆய்வேடு, எவருடைய பேச்சைப் பற்றியதோ அவர்களுக்கே அடையாளம் தெரியாத ஒன்றாக இருக்கும்.

பெரியவர் பெட்டியைத் தரவில்லை; நான் கேட்கவும் இல்லை. மூன்று சுருள்களையும் முழுதாகப் படமெடுக்க இசைந்தார். அவரே படிக்கப் படிக்க, போகும் வழியையும் திரும்பும் வழியையும் தனித்தனியே பதிவு செய்துகொண்டேன்.

இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ நெடுந்தூரம் லாரி, பேருந்து, வாடகைக் கார் ஓட்டியவர்கள் இருந்தால், அவர்கள் வழி எழுதிவைத்த நோட்டு, டைரி, சிகரெட் அட்டை எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அவர்கள் வழி சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். போகும் வழி ஒருமுறை, திரும்பும் வழி ஒருமுறை. எனக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை. உங்களிடம் இருந்தாலே போதும். அனுப்ப விரும்புவோர் உள்பெட்டியில் எழுதுங்கள். மொழியியல், புவியியல், நாட்டாரியல் மாணவர்கள் யாரேனும் வேறு வழித்தடங்களில் இதைச் செய்து பார்க்க விரும்பினால், நான் பயன்படுத்தும் வினாநிரலைப் பகிர்ந்துகொள்கிறேன்.